ஆண்டறிக்கை: பழைய 49-ஐ இரண்டு பாதியாக ஓட்டிய வருடம்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் நம் மோட்டார் சைக்கிள் சங்கத்து அங்கத்தினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது, சந்தா பாக்கி அதிகமில்லை. அந்த விஷயம் அவ்வளவுதான். சாலையில் நடந்ததைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தம்பி எழுந்து, "தனியா ஓட்டறதுதான் சுகம்னா சங்கம் எதுக்குண்ணே?" என்று கேட்டார். அன்றைக்கு நேரமாகிவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வருடம் முழுக்க என்னோடு பின் சீட்டில் வந்துகொண்டே இருந்தது.

போடியிலிருந்து மலையேறும் நம் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை எண் 85. எண்களை மாற்றுவதற்கு முன் அது 49. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி வரைக்கும் ஒரே எண்ணாக இருந்தது. இப்போது மதுரைக்குக் கிழக்கே இராமேஸ்வரம் போகிற பாதை 87 ஆகிவிட்டது. அந்தப் பழைய சாலையின் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர் நம் ஊர். மேற்குப் பாதியை இந்த வருடம் சங்கமாக ஓட்டினோம். கிழக்குப் பாதியை நான் தனியாக ஓட்டினேன்.

மேற்கே போனது 11 வண்டிகள். விடியும்போதே முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டோம். அந்த நேரத்தில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக மேலேறும். அவர்களுக்கு அது வேலைக்குப் போகும் அவசரம், நமக்கு விடுமுறை. அதனால் ஜீப் வந்தால் ஒதுங்கி வழி விடுவது நம் வழக்கம், இந்த முறையும் யாரும் மீறவில்லை. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று ஏறுக்குமாறாகப் போகும் நாம், வளைவில் ஒற்றை வரிசைக்கு மாறுவோம். முதல் வண்டிக்கு அடுத்து, எப்போதும் போல, கூட்டத்திலேயே மெதுவாக ஓட்டுபவர். அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, அடிமாலி. தேயிலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிமாலி தாண்டி வாளரா அருவிப் பக்கம் மழை பிடித்தபோது ஒரு பழைய புல்லட்டின் கிளட்ச் கேபிள் அறுந்தது. வண்டிக்காரர் பதறவே இல்லை. பழைய கேபிளை ஒட்டியே இன்னொரு கேபிளை ஊரிலேயே ஓட்டி, டேப் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். கடைசி வண்டியில் வந்த மாமா ஸ்பேனரோடு இறங்கினார். ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் செல்போன் வெளிச்சம் காட்டினார். லிவரில் முனையை மாட்டி, இழுத்துப் பார்த்து, லிவரின் தளர்வைச் சரிபார்த்துக் கிளம்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே டீக்கடைச் சேட்டா காசு வாங்காமல் சுலைமானி கொடுத்தார். நேரியமங்கலத்தில் 1935-இல் திறந்த வளைவுப் பாலத்தில் பெரியாற்றைக் கடக்கும்போது 11 வண்டிச் சத்தமும் அந்த வளைவுகளுக்குள் எதிரொலித்தது போல எனக்குத் தோன்றியது. அந்தச் சத்தம் தனியாகப் போனால் கிடைக்காது.

திரும்பும்போது ஒரு விபத்து. மறைக்காமல் சொல்ல வேண்டும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். பாதி மலையில் கருகல் வாடை எனக்கு வந்தது. கை காட்டுவதற்குள் அடுத்த வளைவில் பிரேக் பிடிக்காமல் போய், ஓரத்து மண்ணில் சாய்ந்துவிட்டார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும், வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தட்டும், பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும் என்று கிளம்பும் முன் நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. இனி ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் முன்னால் இதைச் சொல்லாமல் சாவியைத் திருப்புவதில்லை.

அப்புறம் கிழக்குப் பாதி. சுமார் 280 கிலோமீட்டர். அதிகாலை 4 மணிக்கு நான் ஒருவன், ஒரு வண்டி. உசிலம்பட்டி வரை இருட்டு, மதுரையில் இட்லி, மானாமதுரையில் பானைக் கடைகள் திறக்கும் நேரம். பரமக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நேர்கோடாகச் சாலை. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, கண்ணாடியில் யாரையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு கண்மாய்க் கரையில் காரணமே இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பல மாதமாக மனதில் முட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்ப விஷயம், இராமநாதபுரம் வருவதற்குள் தானாகவே தெளிந்துவிட்டது. யோசித்ததாக நினைவே இல்லை.

1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தது. டேங்கை முழங்காலால் இறுக்கி, தோளைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துக் கடந்தேன். 1964 புயல் தின்ற தனுஷ்கோடியைத் தாண்டி, 2017-இல் திறந்த சாலையில் அரிச்சல்முனை வரை போய் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் பாட்டிலுக்காகப் பக்கப் பெட்டியைத் திறந்தால், உப்புக் காற்றுக்கு நடுவில் ஏலக்காய் வாசனை. கடைக்குச் சரக்கு எடுத்த பெட்டி அது.

அங்கிருந்து தலைவருக்குப் பேசினேன். "சேர்ந்துட்டேன் அண்ணே" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாலத்துல காத்து எப்படிப்பா?" வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், அதுவும் வேண்டும்தான். ஆனால் காற்றைக் கேட்க அந்தப் பாலத்தில் வண்டி ஓட்டிய ஆள் வேண்டும். தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இதையொட்டிச் செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. தனியாகப் போகிறவர் வழியையும் தங்கும் ஊரையும் எனக்கு எழுதி அனுப்ப வேண்டும், பொழுது சாய்ந்ததும் ஒரு போன் செய்ய வேண்டும். அந்தத் தூரமும் சங்கப் பதிவேட்டில் ஏறும். சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதால் பூப்பாறைக்கு மேல் இரவில் யாரும் ஓட்டக் கூடாது.

முதலுதவிப் பயிற்சியை மறுபடி நடத்த வேண்டும். அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் வருமோ என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், நல்ல மனதோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால், 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. தயங்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த பயணம் லோயர் கேம்ப், பென்னிகுயிக் மணிமண்டபம், குமுளி. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், வார் மாட்டியிருக்க வேண்டும். பெட்ரோலை முந்தின இரவே போட்டுவிடுங்கள். கடைசி வண்டிக்கு ஆள் தேவை. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
போடிநாயக்கனூர்