பாதிப் பைத்தானுக்கு முழு வாடகை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வாடகை சர்வரில் பைத்தான் மாட்யூல் ஃபைல்கள் இல்லாதது

வணக்கம்.

"பைத்தான் 3.11 ரெடியாக இருக்கும், வந்ததும் வேலையைத் தொடங்கலாம்" என்று போட்டிருந்ததை நம்பித்தான் உங்களிடம் சர்வர் எடுத்தேன். நிரல் எழுதும் மொழியான பைத்தான் திறக்கிறது, கூட்டல் கழித்தல் எல்லாம் போடுகிறது. ஆனால் கூடுதல் பேக்கேஜ்களை இணையத்திலிருந்து எடுத்து நிறுவும் பிப் கருவியை வைத்து எதை நிறுவப் போனாலும், பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் (பைத்தானின் ஒரு பகுதி) இல்லை, எச்டிடிபிஎஸ் முகவரியோடு இணைய முடியாது என்று சொல்லி நின்றுவிடுகிறது.

இதைச் சொன்னதற்கு உங்கள் சப்போர்ட் ஆள் எழுதிய பதில்: "பிப் மூலம் எஸ்எஸ்எல் இன்ஸ்டால் செய்யவும்." பிப் வெளியே போகவே எஸ்எஸ்எல் வேண்டும் சார்! அதுவும் அந்தப் பெயரில் இருக்கும் பேக்கேஜ் பைத்தான் 2.3, 2.4 காலத்துக்கானது. அப்புறம் சர்வரையே ரீ-இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள். அதே இமேஜை, அதாவது ஓஎஸ்ஸும் பைத்தானும் சேர்த்து நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் நகலைத் திரும்பப் போட்டால் அதே குறைதானே வரும்? வந்தது. என் புகார் டிக்கெட்டை மட்டும் "தீர்ந்தது" என்று மூடிவிட்டார்கள்.

சரி என்று நானே உள்ளே போய்ப் பார்த்தேன். எஸ்எஸ்எல்லின் பைத்தான் ஃபைல் அதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. அது உள்ளுக்குள் கூப்பிடுகிற, சி மொழியில் எழுதி, கம்பைல் ஆகி (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாறி) லிப்-டைன்லோட் ஃபோல்டரில் இருக்க வேண்டிய ஃபைல்தான் இல்லை. தரவின் சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிடும் ஹாஷ்லிப் மாட்யூலுக்கான ஃபைலும் அங்கே இல்லை. இந்த இரண்டு ஃபைலுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி வேண்டும் என்பதால் காரணம் பிடிபட்டது: பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும், நீங்கள் தந்திருக்கும் லினக்ஸ் ஓஎஸ்ஸான சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பதோ 1.0.2. இப்படி இருந்தால் கம்பைல் நடுவில் நிற்காது, எஸ்எஸ்எல்லைக் கட்ட முடியவில்லை என்று கடைசியில் ஒரு வரி சொல்லிவிட்டு முடிந்துவிடும். அந்த வரியை யாரும் படிக்காமல் இமேஜாக்கி எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட்டே நின்றுவிட்டது.

நானே கம்பைல் செய்துகொள்ளலாம்தான், ஆனால் அந்த வேலை வேண்டாம் என்றுதானே உங்களுக்குக் கூடுதல் காசு தருகிறேன். இப்போதும் அப்டேட் வருகிற ஓஎஸ்ஸில் பைத்தானை முழுசாகப் போட்டுக் கொடுங்கள், இம்போர்ட் எஸ்எஸ்எல் என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இந்த மாத வாடகை திரும்ப வர வேண்டும். மூடிய டிக்கெட்டையும் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்