ரஷ்ய அணிகளை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? தமிழ் விளையாட்டுச் செய்திப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ்களிலும் இணையதளங்களிலும் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் ஆசிரியர்களுக்கும், தமிழில் இ-ஸ்போர்ட்ஸ் எனும் கணினி ஆட்டப் போட்டிகளுக்கு வர்ணனை செய்யும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ரஷ்யாவோடு தொடர்புள்ள அணிகளைப் பற்றிய செய்திகளில் 2022-க்குப் பிறகு ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. அவசர மொழிபெயர்ப்பு மட்டும் இதற்குக் காரணமில்லை. புள்ளிப் பட்டியலிலும் திரை கிராஃபிக்ஸிலும் அணிப் பெயருக்குப் பக்கத்தில் 'நாடு' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதையாவது போட்டாக வேண்டும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கிளப் எங்கே தொடங்கியது, இன்று யார் கையில் எந்த நாட்டில் இருக்கிறது, ஆடுகிறவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள், இந்தப் போட்டியில் எந்தப் பெயரில் ஆட அனுமதி என்ற நான்கு கேள்விகளுக்கும் நான்கு வேறு விடைகள் இருக்கலாம். நான்கையும் ஒரே கொடிக்குள் அடைப்பதை நிறுத்துங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

டீம் ஸ்பிரிட்டை எடுத்துக்கொள்வோம். 2015-ல் மாஸ்கோவில் தொடங்கிய அமைப்பு. 2021 அக்டோபரில் புக்கரெஸ்ட் நகரில் நடந்த, டோட்டா 2 என்ற கணினி ஆட்டத்தின் உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்' இறுதியில் சீனாவின் பிஎஸ்ஜி.எல்ஜிடி அணியை 3-2 என்று வென்றது. ஐந்தாவது ஆட்டத்தில் மேக்னஸ் என்ற ஆட்டப் பாத்திரத்தை எதிரணி தடுக்காமல் விட, அதை எடுத்து ஆடினார் ஸ்பிரிட்டின் கொலாப்ஸ் (இந்த ஆட்டங்களில் வீரர்கள் புனைபெயரில்தான் அறியப்படுகிறார்கள்). மொத்தப் பரிசுத் தொகை 4 கோடி டாலர். அதில் சுமார் 1.82 கோடி ஸ்பிரிட்டுக்குப் போனது. ரஷ்ய அதிபர் வாழ்த்துச் சொன்னார், எல்லோரும் 'ரஷ்ய அணி வெற்றி' என்று எழுதினார்கள். கோப்பையைத் தூக்கிய ஐவரில் மிபோஷ்கா, கொலாப்ஸ், டொரன்டோடோக்கியோ மூவரும் ரஷ்யர்கள். யாத்தோரோவும் மீராவும் உக்ரைனியர்கள். போர் தொடங்கிய 2022-ல் அமைப்பு செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்கு இடம் மாறியது. 2023-ல் சியாட்டிலில் அதே உலகப் பட்டத்தை இரண்டாம் முறை வென்றபோதும் யாத்தோரோவும் மீராவும் அணியில் இருந்தார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் உச்சப் போட்டிகளுக்கு 'மேஜர்' என்று பெயர். 2024 டிசம்பரில் ஷாங்காய் மேஜரை வென்ற ஸ்பிரிட்டின் கவுன்டர் ஸ்ட்ரைக் அணியில் சிறந்த வீரர் விருது பெற்ற 17 வயது டொங்க் சைபீரிய நகரமான தோம்ஸ்க்கைச் சேர்ந்தவர். அவரோடு ஆடிய சான்டிக்ஸ் உக்ரைனியர்.

இந்த அணியை 'ரஷ்ய அணி' என்று மட்டும் எழுதினால், தன் நாட்டின் மீது குண்டு விழும் காலத்தில் ஆடிய உக்ரைனிய இளைஞரையும் ரஷ்யக் கணக்கில் சேர்த்துவிடுகிறீர்கள். 'செர்பிய அணி' என்று எழுதினால் அது எங்கே தொடங்கியது, பெரும்பாலும் யாரை வைத்து ஆடுகிறது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும். இரண்டுமே எங்களுக்கு ஏற்புடையவை அல்ல. 'மாஸ்கோவில் தொடங்கி 2022-ல் பெல்கிரேடுக்கு மாறிய டீம் ஸ்பிரிட்' என்று முதல் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த பத்தியிலிருந்து 'ஸ்பிரிட்' போதும்.

விர்டுஸ் புரோவின் கதை இன்னும் சிக்கல். 2003-ல் ரஷ்யாவில் தொடங்கிய இந்த கிளப்பின் பெயரை கவுன்டர் ஸ்ட்ரைக்கில் உலகறியச் செய்தவர்கள் ஐந்து போலந்துக்காரர்கள். நியோ, டாஸ், பாஷா பைசெப்ஸ், ஸ்னாக்ஸ், பியாலி என்ற அந்த ஐவர் 2014 மார்ச்சில் சொந்த நாட்டின் கத்தோவிட்சே நகரிலேயே மேஜர் பட்டம் வென்றார்கள். போலந்து ரசிகர்களுக்கு அது போலந்தின் வெற்றி. கிளப் மட்டும் ரஷ்யாவினுடையது. 2019 இறுதியில் கஜகஸ்தானின் அவங்கார் அணியை அப்படியே வாங்கி அதே பெயரில் ஆடவைத்தது அந்தக் கிளப்.

பிறகு 2022 மார்ச் 2 அன்று, ரஷ்ய அரசோடு தொடர்புள்ளதாகத் தெரியும் கிளப்புகளுக்குத் தன் ப்ரோ லீக்கில் இடமில்லை என்று போட்டி நடத்தும் நிறுவனமான இஎஸ்எல் அறிவித்தது. விர்டுஸ் புரோ, இன்னொரு ரஷ்ய கிளப்பான கேம்பிட் இரண்டும் அதில் அடங்கின. வீரர்கள் ஆடத் தடையில்லை. நாட்டின் பெயர், கிளப் பெயர், விளம்பரதாரர் சின்னம் எதுவும் உடையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்றைய மேஜர் விதியும் இதற்கு இடம் கொடுத்தது. தகுதி பெற்ற இடம் கிளப்புக்குச் சொந்தமில்லை. ஐவரில் மூவர் சேர்ந்தே இருந்தால் அது அவர்களோடு போகும். அப்படித்தான் விர்டுஸ் புரோ வீரர்கள் 'அவுட்சைடர்ஸ்' என்ற பெயரில் ரியோ டி ஜெனிரோவுக்குப் போய், 2022 நவம்பரில் டென்மார்க்கின் ஹீரோயிக் அணியை 2-0 என்று வீழ்த்தி மேஜர் பட்டம் வென்றார்கள். அணியின் கிகெர்ட் கஜகஸ்தான்காரர். கிளப்போ அதற்குள் கைமாறி ஆர்மீனியாவில் பதிவாகியிருந்தது.

இந்த வெற்றியை எப்படி எழுதுவது? போட்டியின் பதிவில் உள்ளபடி 'அவுட்சைடர்ஸ்' என்று எழுதி, ஒரே ஒரு முறை 'விர்டுஸ் புரோ வீரர்கள் நடுநிலைப் பெயரில் ஆடிய அணி' என்று விளக்குங்கள். பழைய செய்தியைத் திருத்தும்போது இன்றைய பெயரைத் தேடிப் போய் மாற்றாதீர்கள். அன்றைய விதி என்ன செய்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

கேம்பிட் வீரர்களை 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் கிளவுட் நைன் வாங்கியது. நான்கு ரஷ்யர், ஒரு கஜகஸ்தான்காரர், அமெரிக்க கிளப். இதே கேம்பிட் 2017-ல் கிராக்கோவ் மேஜரை வென்றபோது அணியில் மூவர் கஜகஸ்தான், ஒருவர் உக்ரைன், ஒருவர் மட்டுமே ரஷ்யா. சில புள்ளிவிவரத் தளங்கள் ஐவரில் மூவர் எந்த நாடோ அந்தக் கொடியை அணிக்கு வைத்துவிடும். அந்தக் கொடியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவதால் என்ன ஆகும் என்பதற்கு நாவி நல்ல உதாரணம். 2021 நவம்பரில் ஒரு மேப்கூட (ஒரு களத்தில் ஆடும் தனி ஆட்டம்கூட) இழக்காமல் ஸ்டாக்ஹோம் மேஜரை வென்ற அணியில் சிம்பிள், பிட் இருவரும் உக்ரைனியர். எலெக்ட்ரானிக், பெர்ஃபெக்டோ, பூம்ப்ளா மூவரும் ரஷ்யர். பெரும்பான்மைக் கணக்குப் பார்த்தால் உக்ரைனின் மிகப் பெரிய கிளப்புக்கே ரஷ்யக் கொடி விழும். இன்றைய நிலைக்கு வேண்டுமானால், 2025 செப்டம்பரில் ஹாம்பர்க்கில் டோட்டா உலகப் பட்டம் வென்ற சவுதி கிளப்பான ஃபால்கன்ஸைப் பாருங்கள். அதில் ஒரு சவுதி வீரரும் இல்லை. நடுவில் ஆடிய மலரின் ரஷ்யர்.

வர்ணனையாளர்களுக்கு ஒரு வார்த்தை: 'சிஐஎஸ் அணி' என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். சிஐஎஸ் என்பது முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டமைப்பு. உக்ரைன் அந்தக் கூட்டமைப்பின் சாசனத்தை ஏற்று முழு உறுப்பினரானதே இல்லை. 2018-ல் தன் பிரதிநிதிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'கிழக்கு ஐரோப்பா' என்று சொல்லுங்கள்.

இனி 'ரஷ்யாவுக்குத் தடை' என்ற தலைப்புக்கு வருவோம். அதிகப் பிழை இங்கேதான். இரண்டு வேறு தடைகள், இரண்டு வேறு காரணங்கள். முதலாவது ஊக்கமருந்து. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யர்கள் 'ஓஏஆர்' (ரஷ்யாவிலிருந்து வந்த ஒலிம்பிக் வீரர்கள்) என்றும், டோக்கியோவிலும் 2022 பெய்ஜிங்கிலும் 'ஆர்ஓசி' (ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி) என்றும் ஆடினார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் 2020 டிசம்பர் 17 அன்று நான்காண்டுத் தடையை இரண்டாண்டாகக் குறைத்தது. அது 2022 டிசம்பர் 16 அன்று முடிந்தது. டோக்கியோவில் 71 பதக்கங்கள். முழு அணிகளும் ஆடின. கொடியும் தேசிய கீதமும் மட்டும் இல்லை, கீதத்துக்குப் பதிலாக சைக்கோவ்ஸ்கியின் பியானோ இசை. அதற்குச் சில வாரங்கள் முன்பு யூரோ கால்பந்தில் அதே ரஷ்யா தன் கொடியோடு ஆடியது, ஏனென்றால் யூரோ அந்தத் தடையின் வரம்புக்குள் வரவில்லை. ஆண்டைச் சொன்னால் போதாது, போட்டியையும் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாவது, உக்ரைன் மீதான போர். 2022 பிப்ரவரி 28 அன்று, ரஷ்யர்களைப் போட்டிகளில் சேர்க்க வேண்டாம் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பரிந்துரை செய்தது. அதே நாளில் ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவும் ரஷ்ய அணிகளை நிறுத்திவைத்தன. உக்ரைனில் ஆக்கிரமிக்கப்பட்ட நான்கு பகுதிகளின் விளையாட்டு அமைப்புகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதற்காக ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி 2023 அக்டோபர் 12 அன்று இடைநீக்கம் செய்யப்பட்டது. பாரிஸில் 15 ரஷ்யர்கள் 'ஏஐஎன்' என்ற தனிநபர் நடுநிலையாளர்களாக ஆடினார்கள். குழு விளையாட்டுகளுக்கு அனுமதியே இல்லை. ஆந்திரீவா, ஷ்னைடர் ஜோடி டென்னிஸ் இரட்டையரில் வெள்ளி வென்றது. பதக்கப் பட்டியலிலோ ஏஐஎன்னுக்கு வரிசையே கிடையாது. 'ரஷ்யாவுக்கு ஒரு வெள்ளி' என்று பட்டியலில் ஏற்றினால் பிழை. வெற்றி பெற்றவர்கள் ரஷ்யர்கள் என்று செய்தியில் எழுதினால் பிழையே இல்லை. கொடி விதி போட்டி நடத்துபவரையும் ஆடுபவரையும்தான் கட்டுப்படுத்தும், செய்தி எழுதுபவரை அல்ல. இதை மறந்து சிலர் நாட்டின் பெயரையே விழுங்கிவிடுகிறார்கள். வாசகருக்குச் செய்யும் அநீதி அது.

தடை யாருக்கு என்பதையும் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். கால்பந்தில் தடை அணிகளுக்கு. ஸ்பார்டக் மாஸ்கோ யூரோப்பா லீகிலிருந்து நீக்கப்பட்டு, எதிரணியான லைப்சிக் ஆடாமலே முன்னேறியது. ரஷ்ய வீரர்கள் வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆட எந்தத் தடையும் இல்லை. கிராஸ்னோடாரிலிருந்து கோல்கீப்பர் சஃபோனோவ் 2024-ல் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜிக்குப் போனார். தேசிய அணியும் நட்பு ஆட்டங்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. முதலாவது 2022 செப்டம்பரில் பிஷ்கெக்கில், கிர்கிஸ்தானை 2-1 என்று வென்றது. டென்னிஸில் தேசிய அணிக்குத் தடை, தனிநபர் கொடியில்லாமல் ஆடலாம். கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் 2022 விம்பிள்டன் மட்டும் தனிநபரையும் தடுத்தது. அந்த ஆண்டு அங்கே மகளிர் பட்டம் வென்ற ரிபாகினா மாஸ்கோவில் பிறந்து 2018 முதல் கஜகஸ்தானுக்கு ஆடுபவர். ஜூடோ கூட்டமைப்பு 2025 நவம்பரில் கொடியையே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு விளையாட்டின் நிலையை இன்னொன்றுக்கு நகலெடுக்க முடியாது.

சதுரங்கம் நமக்கு நெருக்கம். 2022 ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடக்க வேண்டியது. பிப்ரவரி 25 அன்று உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே அதைப் பறித்த பிறகே மாமல்லபுரத்துக்கு வந்தது. ரஷ்ய அணி அங்கே இல்லை. 2023-ல் அஸ்தானாவில் உலகப் பட்டத்துக்கு ஆடிய நெபோம்னியாச்சி ஃபிடே கொடியின் கீழ் ஆடினார். கோஸ்தெனியுக் சுவிட்சர்லாந்துக்கு மாறிவிட்டார். ஒவ்வொரு வீரரின் ஃபிடே பக்கத்திலும் அவர் எந்தச் சம்மேளனம் என்று இருக்கும். ஆட்ட நாளன்று அதைத் திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகாது.

கிளப் பெயரை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். சோவியத் காலத்தில் டைனமோ என்பது உள்துறை, பாதுகாப்பு அமைப்புகளின் விளையாட்டுச் சங்கம். ஸ்பார்டக் தொழிற்சங்கங்களுடையது, லோகோமோட்டிவ் ரயில்வேயுடையது, சிஎஸ்கேஏ ராணுவத்துடையது. டைனமோ கீவ் உக்ரைன், டைனமோ திபிலிசி ஜார்ஜியா, டைனமோ மின்ஸ்க் பெலாரஸ். பழைய செய்திகளில் 'ரஷ்யக் கிளப் ஐரோப்பியக் கோப்பை வென்றது' என்று வருவதைத் திருத்தியே ஆக வேண்டும். சோவியத் காலத்தில் 'கோப்பை வென்றோர் கோப்பை' என்ற ஐரோப்பியக் கால்பந்துப் பட்டத்தை வென்றவை கீவ் (1975, 1986), திபிலிசி (1981) இரண்டு மட்டுமே. ரஷ்ய மண்ணின் கிளப் ஒன்று முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பை வென்றது 2005-ல், சிஎஸ்கேஏ வென்ற யூஇஎஃப்ஏ கோப்பைதான். 2008-ல் ஜெனித் அடுத்தது.

அந்த சிஎஸ்கேஏவிலும் கவனம் வேண்டும். கால்பந்து கிளப் தனி நிறுவனம், அதன் கட்டுப்பாடு அரசு வளர்ச்சிக் கழகமான விஇபி கையில். ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகம் வேறு. ஏஐஎன் விதி, ராணுவத்தோடோ பாதுகாப்பு அமைப்போடோ ஒப்பந்தத்தில் உள்ளவரை விலக்குகிறது. ஆகவே 'சிஎஸ்கேஏ வீரர்' என்று மட்டும் எழுதினால் அவர் எந்த சிஎஸ்கேஏ என்று வாசகருக்குப் புரியாது. ஜெனித்துக்கு 2005 முதல் உரிமையாளர் ரஷ்ய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம். இதைக் குறிப்பிடாமல் ஐரோப்பியத் தடையைப் பற்றிக் கட்டுரை எழுதுவது அரைகுறை வேலை.

நடைமுறையில் செய்ய வேண்டியது சிறிதுதான். கிளப் பெயருக்குப் பக்கத்தில் கொடியை எடுத்துவிட்டுச் சின்னத்தை வையுங்கள். கொடி வேண்டுமென்றால் வீரர் பெயருக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து பேருக்கு ஐந்து சிறு கொடிகள் திரையின் கீழ்ப்பட்டையில் தாராளமாக அடங்கும். கொடியில்லாமல் ஆடுபவருக்கு வெற்றுக் கட்டம். அவர் எந்த நாட்டவர் என்பதைச் செய்தியின் வரியில் சொல்லுங்கள். அணியின் பெயரைப் போட்டியின் அதிகாரபூர்வப் பங்கேற்பாளர் பட்டியலிலிருந்தே எடுங்கள், தேடுபொறியின் முதல் பெட்டியிலிருந்து வேண்டாம். பெயர் 'ஓவ்', 'எவ்' என்று முடிவதைப் பார்த்து நாட்டை ஊகிக்காதீர்கள்; கிகெர்ட்டின் குடும்பப் பெயர் கோலுபெவ், நாடு கஜகஸ்தான். 'தடை' என்ற சொல் தலைப்பில் வந்தால், யார் விதித்தார், அணிக்கா ஆளுக்கா, எந்தப் போட்டியில் என்ற மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் இருக்கட்டும். தேதி இல்லாமல் எந்தத் தடைச் செய்தியையும் மறுபதிப்புச் செய்யாதீர்கள்.

டெம்ப்ளேட்டை மாற்றக் கிராஃபிக்ஸ் பிரிவுக்கு ஒரு மாலை போதும். அடுத்த மேஜரின் தகுதிச் சுற்று தொடங்குவதற்குள் அதைச் செய்துவிடுங்கள். வீரர் பட்டியலைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்கு ஐரோப்பிய ஆட்டங்களைத் தமிழில் மொழிபெயர்த்தும் வர்ணனை செய்தும் வருவோர்