புளோக் அடியில் உன் அப்பா

தம்பி,

போன வாரம் வீடியோ காலில் நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து நீயும் மருமகளும் சிரித்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் பாதியில் "சரிப்பா, மீட்டிங்" என்று போய்விடுவாய்.

அது தாய்ச்சி இல்லை, சீகோங், மூச்சோடு சேர்த்து மெதுவாக அசையும் சீனப் பயிற்சி. அதிலே பாதுவான்ஜின் என்கிற எட்டு அசைவு. தினமும் காலை 6:45க்கு நம் அடுக்குமாடி புளோக் அடியில் ஏழெட்டுச் சீனப் பெரியவர்களோடு செய்கிறேன், கூட்டத்தில் ஒரே தமிழன் நான்தான். பாதுவான்ஜின் என்றால் எட்டுத் துண்டுப் பட்டு என்று அர்த்தமாம். இதைவிடப் பழசும் உண்டு: சீனாவில் சாங்ஷா பக்கம் மாவாங்துயில் 1973இல் தோண்டிய கல்லறையில் ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது, 44 பேர் வளைந்தும் நிமிர்ந்தும் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் கல்லறையை மூடியது கி.மு. 168இல். ஆனால் சீகோங் என்ற பெயர் பரவியது 1950களில்தான், அதனால் 'ஐயாயிரம் ஆண்டு ரகசியம்' என்று எவனாவது வகுப்பு விற்க வந்தால் காசு கொடுத்துவிடாதே.

முதல் நாள் ஓர் ஆன்ட்டி, 78 வயது, என் தோளில் இரண்டு விரலை வைத்து அழுத்தி "ஃபாங் சோங்" என்றார். தளர விடு என்று அர்த்தம். அப்போதுதான் தெரிந்தது, முப்பது வருஷம் லாரி ஓட்டிய தோள் இத்தனை நாளும் காதுவரை ஏறியே இருந்திருக்கிறது.

கடைசி அசைவில் குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்க வேண்டும், ஏழு தடவை. நூறு நோய் ஓடிவிடுமாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, பிரஷர் மாத்திரையை நிறுத்தவும் இல்லை. ஆனால் இப்போது ஒற்றைக் காலில் நின்றே கால்சட்டை போடுகிறேன், போன வருஷம் கட்டிலைப் பிடிக்காமல் முடியாது.

'ச்சி ஓடுதா அப்பா?' என்று கேலி பண்ணினாய். ச்சி என்றால் உடம்புக்குள் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி மனசை வை என்கிறார்கள், நான் மூச்சை வைக்கிறேன், கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சூடாகிறது. அது ச்சியா ரத்த ஓட்டமா என்று நான் யாரோடும் வாதாடப் போவதில்லை. உன் பாட்டி இருந்தால் பிராணன் என்றிருப்பாள்.

அப்புறம், உனக்குக் கழுத்து வலியாமே, மருமகள் சொன்னாள். நாலாவது அசைவு உனக்கானது. நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, இடுப்பை அசைக்காமல் மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார். வலித்தால் நிறுத்திவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, கேமராவைத் தள்ளி வை, உன் கால் எனக்குத் தெரியணும்.

அப்பா