வாளைக் கழற்றிய ராஜா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன்னைச் சபைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி படிக்க முடிகிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பதவிக்கு வந்தபின் விசுவாசம் வெறும் பேச்சாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். எனக்கு உடனே ஆஸ்வின் ராஜாவின் நினைவு வந்தது. ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் டெய்ரா என்ற நாட்டை ஆண்டவர். பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்றில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எய்டன் என்ற ஆயர் எங்கும் நடந்தே போய் ஊழியம் செய்தவர். ஆற்றைக் கடக்க உதவுமே என்று ராஜா அவருக்கு ஓர் உயர்ந்த குதிரையைக் கொடுத்தார். வழியில் கையேந்திய ஏழைக்கு அதைச் சேணத்தோடு கொடுத்துவிட்டார் ஆயர்! "கொடுக்க வேறு சாதாரணக் குதிரை இல்லையா?" என்று ராஜா வருத்தப்பட்டார். குதிரைக்குட்டி பெரிதா, தேவனுடைய பிள்ளை பெரிதா என்று ஆயர் திருப்பிக் கேட்டார்.

ஆயர் சாப்பிட உட்கார்ந்தார். வேட்டையிலிருந்து வந்திருந்த ராஜா நெருப்பருகே குளிர்காய்ந்தபடி யோசித்துக்கொண்டே நின்றார். திடீரென்று வாளைக் கழற்றிப் பணியாளிடம் கொடுத்துவிட்டு, ஆயரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்.

குதிரையைத் தாராள மனசுள்ள எந்த ராஜாவும் கொடுப்பார். தன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கட்டாயப்படுத்தாமல் வாளைக் கழற்றுவது வேறு. கழுதைமேல் எருசலேமுக்கு வந்தவரை, சீஷர்களின் கால்களைக் கழுவிய இயேசுவைத் தன் ராஜாவாக மனதார ஏற்றுக்கொண்டவருக்குத்தான் அது வரும் என்று நினைக்கிறேன்.

எய்டன் அன்று அழுதாராம். இத்தனை தாழ்மையுள்ள ராஜாவை நான் பார்த்ததே இல்லை, இவர் அதிக நாள் இருக்கமாட்டார் என்றாராம். அப்படியே ஆனது. 651இல் பக்கத்து அரசர் ஆஸ்வியூ பெரும்படையோடு வந்தார். ஜெயிக்க முடியாது என்று கண்ட ஆஸ்வின், வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நம்பிய ஒருவர் வீட்டில் ஒளிந்தார். அவரே காட்டிக்கொடுத்தார். ராஜா கொல்லப்பட்டுப் பன்னிரண்டாம் நாள் எய்டனும் இறந்தார்.

தாழ்மைக்கு உலகம் பரிசு தரும் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். ஆனாலும் செயலாளர் நாற்காலியில் நீ உட்காரும்போது அந்த ராஜாவை நினைத்துக்கொள். தினமும் உனக்காக ஜெபிக்கிறேன். முதல் கமிட்டிக் கூட்டம் எப்படிப் போனது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்