சனிக்கிழமை: செயற்கைக்கோள் சோதனை மேடை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு, ரோஸ் ஹில்லில் வழக்கமான வகுப்பறையில், நம் பிள்ளைகள் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் வழி டிவி ஒளிபரப்புக்கான தொழில்நுட்பத் தரம்) தரத்துக்கு ஒரு சோதனை மேடை அமைக்கிறார்கள்.

செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். மேசையில் அதற்குப் பதிலாக சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு கேபிள், அட்டெனுவேட்டர் (சிக்னலின் வலுவைக் குறைக்கும் கருவி), இரைச்சல் சேர்க்கும் கருவி. இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, படம் எங்கே உடைகிறது என்று குறிப்பார்கள். க்யூபிஎஸ்கே 1/2 என்பது சிக்னலில் தகவலை ஏற்றி அனுப்பும் ஒரு முறை; அதற்குத் தரநூல் சொல்லும் எல்லை, சிக்னல் இரைச்சலைவிட சுமார் 1 டெசிபல் மட்டுமே வலுவாக இருக்கும் நிலை. நம் ரிசீவர் அதை எவ்வளவு நெருங்குகிறது என்று பார்க்க வேண்டும். கியூர்பிப் ஊர் மழையில் டிவி படம் கட்டம் கட்டமாகச் சிதறுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

1. பழைய டிஷ் ரிசீவர், கோஆக்ஸ் கேபிள் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.
2. லேப்டாப், சார்ஜர், மதியச் சாப்பாடு.
3. ரிசீவர் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். டிசி பிளாக் (அந்த வோல்ட்டைத் தடுக்கும் இணைப்பி) மாட்டாமல் யாரும் இணைக்கக் கூடாது, டிரான்ஸ்மிட்டர் பாழாகிவிடும். தயவுசெய்து வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.
4. ஆன்டெனா வேண்டாம். எல்லாம் கேபிளுக்குள்தான்.

சாலிடரிங் தெரிந்த பெற்றோர் ஒருவராவது கூட இருந்தால் பெரிய உதவி. வியாழன் இரவுக்குள் பிள்ளையின் பெயரோடு பதில் போடுங்கள்.