டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கழுத்தெலும்புத் தேய்மானம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆபரேஷனோடு முடித்துவிட்டீர்கள். எங்களுக்குத் தொல்லையே வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் குடியாத்தத்தில் கைலி நெய்பவர். முன்கழுத்தில் கீறி, நரம்பை அழுத்திய டிஸ்க்கை எடுத்துவிட்டு, பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். நன்றாக நடந்துதான் வீட்டுக்கு வந்தார். சில நாளில் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. விரல் மடங்குகிறது, டம்ளர் பிடிக்கிறார், சட்டை மாட்டத்தான் முடியவில்லை. தெருவே கூடிவிட்டது. "நரம்ப அறுத்துட்டாங்கம்மா" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். ஆந்திராவுக்குப் போய்ப் புத்தூர் கட்டு போடச் சொன்னார் நாத்தனார். புதிதாக ஸ்குரூ போட்ட கழுத்தை யாரை நம்பி நீவக் கொடுப்பது!

மறுபடி டாக்டரிடமே போனோம். ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கட்டு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். தோளைத் தூக்க வைக்கும் 'சி5' நரம்பு, அழுத்தம் நீங்கிய பிறகு சிலருக்கு இப்படித் தளர்ந்து போகுமாம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், அதுவரை தோள் இறுகிப்போகாமல் பிசியோதெரபி செய்யணும் என்றார். இப்போது தலை வாரிக்கொள்கிறார். தறியில் உட்கார இன்னும் நாளாகும்.

இந்த விவரம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருந்ததாம், ஆங்கிலத்தில். வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக வேலூரில் லாட்ஜ் வாசலில்கூட வங்காள மொழியில் போர்டு எழுதி வைக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தரக் கூடாதா?

என் பயமெல்லாம் வேறு. கை தூக்க முடியாவிட்டால் அன்றைக்கே போய்க் காட்டிவிடலாம். கழுத்துக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுக்குழலை நெருக்கிவிடுமே! அரிதுதான், அதுவும் பெரும்பாலும் முதல் நாளில், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரிந்துவிடும் என்கிறார்கள். ஆனால் சிலருக்குத் தாமதித்தும் வருமாம். கழுத்து வீங்கி மூச்சு இழுத்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். கொஞ்ச நாளைக்குக் குரல் கம்முவதும் சோறு விழுங்கச் சிரமப்படுவதும் பலருக்கு உண்டு. காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கும்போது வலி கூடினால் உணவுக்குழாயில் ஓட்டையா என்று பார்ப்பார்களாம்.

இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரிடம் எழுதி வாங்கி, பெரிய எழுத்தில் கட்டம் போட்டு வெளியிடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ள எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்