புற்றை இடிக்காதே

கோயம்புத்தூர்,
ஐப்பசி 10

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த ஒளிப்படமும் நேற்றுக் கிடைத்தன. ஓசூர் மனையின் மூலையில் நிற்கும் கறையான் புற்று உன் தோளளவு உயரம் இருக்கும் போலிருக்கிறது. யாரோ அதன் அடியில் மஞ்சள் தெளித்துப் பூ வைத்திருப்பதும் தெரிகிறது. மேஸ்திரி அதை இடித்து மருந்து ஊற்றியே ஆகவேண்டும் என்கிறார் என்றும், தங்கச்சி தொடவே கூடாது என்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். ஆப்பிரிக்காவில் புற்றைப் பார்த்து ஏசி இல்லாத கட்டடம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்களாமே, அதுபோல நம் வீட்டையும் கட்ட முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் கட்டடங்களுக்குள் காற்றைச் செலுத்தும் வேலையே பார்த்தவன் என்பதால், இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீ கேள்விப்பட்டது ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம். அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், ஆரப் நிறுவனத்தின் பொறியாளர்களோடு சேர்ந்து அதை வடிவமைத்தார். இரவின் குளிர்ந்த காற்றைப் பெரிய மின்விசிறிகள் உள்ளிழுத்து, தளங்களுக்கு அடியில் உள்ள வெற்றிடங்களின் வழியே செலுத்துகின்றன. அங்கே பற்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் அமைப்புகள் அந்தக் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்கின்றன. பகலில் சிறிய விசிறிகள் மெதுவாக அனுப்பும் காற்று அதே வழியில் குளிர்ந்து அறைகளுக்கு வருகிறது. சூடேறிய காற்று மேலெழுந்து, கூரைமேல் வரிசையாக நிற்கும் செங்கல் புகைபோக்கிகளின் வழியே வெளியேறிவிடுகிறது. நம் ஊர் அலுவலகக் கட்டடங்களில் இருப்பது போன்ற குளிரூட்டும் எந்திரத் தொகுதி அங்கே இல்லை.

பியர்ஸுக்கு வழிகாட்டிய புற்றைப் பற்றி அன்று இருந்த விளக்கம், சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் மார்ட்டின் லூஷர் 1961-இல் எழுதியது. கறையான்களும் அவை வளர்க்கும் காளான் தோட்டமும் வெளியிடும் வெப்பத்தால் கூட்டின் காற்று சூடாகி மேலேறுகிறது. புற்றின் ஓரத்திலுள்ள மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது சுவரின் ஊடாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, குளிர்ந்து அடித்தளத்தைச் சேர்கிறது. இதனால் கூட்டின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. நானும் இதை இளம் பொறியாளர்களுக்குப் பலமுறை கரும்பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறேன்.

அந்தப் படம் தவறு. ஸ்காட் டர்னர் என்ற உயிரியலாளரும் ரூபர்ட் சோர் என்ற பொறியாளரும் நமீபியாவின் புற்றுகளுக்குள் வாயுவைச் செலுத்தி அதன் போக்கைத் தொடர்ந்து பார்த்தார்கள். புற்றுக்குள் சாந்தை ஊற்றி இறுக வைத்து, உள்ளே கிளைத்துச் செல்லும் வழிகளையெல்லாம் வார்ப்பாக எடுத்தார்கள். லூஷர் சொன்ன சுழற்சி அங்கே இல்லை. கூட்டின் வெப்பநிலையும் மாறாமல் இருக்கவில்லை. சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்து குளிர்காலத்தில் இறங்கி, கோடையில் ஏறியது. கூட்டை வெப்பத்திலிருந்து காத்தது மண். அதன் மேல் எழும்பிய புற்று செய்தது மூச்சுவிடும் வேலை. விட்டுவிட்டு வீசும் காற்றின் அழுத்தம் கூடிக் குறையும்போது, உள்ளே உள்ள காற்றும் நம் நுரையீரலில் போல முன்னும் பின்னும் அசைந்து கலக்கிறது என்று 2008-இல் அவர்கள் எழுதினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டடம் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு ஆதாரமாகச் சொன்ன கதை மட்டும் உண்மையில்லை. நாம் படியெடுத்தது புற்றை அல்ல, புற்றைப் பற்றி நமக்கு இருந்த கருத்தை.

உனக்கு நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. ஹண்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் ஆகிய மூவர், தென்னிந்தியாவில் நாம் அன்றாடம் காணும் ஒடன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்னும் கறையானின் புற்றுகளைப் பெங்களூரில் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உன் படத்தில் உள்ளதைப் போலவே அந்தப் புற்றுகளின் வெளிப்புறம் விலா விலாவாகப் புடைத்திருக்கும். நடுவில் ஒரு பெரிய குழாய் மேலேறும். வெளியே திறப்பு எதுவும் கிடையாது. வெயில் ஏறியதும் மெல்லிய விலாக்கள் முதலில் சூடாகின்றன. அவற்றில் காற்று மேலேறி, நடுக்குழாயின் வழியே கீழிறங்குகிறது. இரவில் விலாக்கள் முதலில் குளிர்ந்துவிடுவதால் அந்த ஓட்டம் அப்படியே திரும்புகிறது. பகலில் உள்ளே சேர்ந்த கரியமில வாயு இரவு ஓட்டத்தின்போது சுவரின் நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. விசிறியோ கதவோ இல்லாமல், பகலும் இரவும் மாறி வருவதையே இயக்கும் ஆற்றலாகக் கொண்டு ஒரு மண்மேடு மூச்சுவிடுகிறது! ஹராரே கட்டடமும் பகல் இரவு வெப்ப வேறுபாட்டை நம்பியே இயங்குகிறது. ஆனால் அது குளிர்ச்சிக்காக, புற்றோ மூச்சுக்காக. கட்டடம் எழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அதன் உண்மையான உறவு எங்கோ ஒரு பெங்களூர்ப் புற்றில் தெரியவந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஜப்பானில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சுரங்கப்பாதையிலிருந்து அதிவேக ரயில் வெளிவரும்போது எழுந்த வெடியோசையைக் குறைக்க, பறவைகளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கமுடைய பொறியாளர் எய்ஜி நகாட்சு மீன்கொத்தியின் அலகை நினைத்தார். ஆனால் நினைப்போடு நிற்கவில்லை. பல வடிவக் குண்டுகளைக் குழாய்க்குள் செலுத்தி அழுத்த அலைகளை அளந்து பார்த்த பிறகே அந்த மூக்கு 500 வரிசை ரயிலுக்கு வந்தது. 1997-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

ஆகவே உன் வீட்டுக்கும் என் யோசனை அளவிடுவதில்தான் தொடங்குகிறது. ஹராரே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவு நன்றாகக் குளிர்கிறது. சென்னைக் கடற்கரையில் அதே கட்டடம் புழுக்கத்தில் தவித்துவிடும். ஓசூரும் உயரமான ஊர் என்பதால் எனக்கு நம்பிக்கை உண்டு. எனினும் வரைபடம் போடும் முன், மனையில் நிழலான ஓரிடத்தில் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, பங்குனியிலிருந்து வைகாசி முடியத் தினமும் அதிகாலையிலும் பிற்பகலிலும் குறித்து வை. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு டிகிரி வேறுபாடு இருந்தால், கனமான சுவர்கள், வெயில் படாத மேற்குப் பக்கம், இரவில் பாதுகாப்பாகத் திறந்து வைக்கக்கூடிய சன்னல்கள், கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு வழி ஆகியவற்றைக் கொண்டே ஏசியின் தேவையைப் பெரிதும் குறைத்துவிடலாம். புற்றின் உருவத்தில் வீடு கட்ட வேண்டியதில்லை.

மேஸ்திரியின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. மரக்கதவையும் நிலையையும் கறையான் விட்டு வைக்காது. வீட்டின் அடித்தளத்துக்கு மட்டும் தடுப்பு செய்துவிட்டு, வீட்டைப் புற்றிலிருந்து தள்ளி அமைக்க உன் மனையில் இடம் தாராளமாக இருக்கிறது. தங்கச்சி சொல்வதைக் கேள், அதை இடிக்க விடாதே. தை பிறந்ததும் நான் இரண்டு வெப்பமானிகளோடு அங்கே வருகிறேன். ஒன்றை விலாவின் மேலும் மற்றொன்றைப் பக்கத்து மண்ணிலும் வைத்து ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து பார்ப்போம். மழை விட்டதும் புற்றுக்காளான் முளைத்ததா என்று மறக்காமல் எழுது.

என்றும் உன்
பழைய நண்பன்